பெட்டி கிழக்கே, படகு தெற்கே

சென்ற மாதம் துறைமுகத்தில் இருந்து துஷாந்தி தொலைபேசியில் அழைத்தார். கடல் அளவைப் பகுதியில் நான் இருந்துவிட்டு வந்த கதிரையில் இப்போது இருக்கும் இளம் அலுவலர் அவர். எங்கள் பழைய அளவைப் படகுக்குப் புதிய கருவி பூட்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போனேன்.

படகு நகர நகர, கடலின் அடித்தளம் திரையில் நிறம் நிறமாக விரிந்தது. திருகோணமலைக் குடாவின் வாயில் இருந்து வெளிக்கடலுக்குள் இறங்கும் பெரிய பள்ளத்தாக்கின் மேலே முப்பத்து நான்கு வருடம் மிதந்து வேலை செய்தவன் நான். அதன் சரிவுகளையும் மடிப்புகளையும் முழு உருவமாக அன்றைக்குத்தான் கண்டேன்.

“அங்கிள், எல்லாத்தையும் இது காட்டிப் போடுது,” என்றார் துஷாந்தி. “நீங்கள் அந்த நாளில கடலைப் பார்த்துக் கடவுள், கடவுள் எண்டு சொல்லுவியளாம். இனி அவருக்கு ஒளிஞ்சிருக்க இடமில்லையே?”

“அவர் ஒளிஞ்சிருந்தவர் எண்டு ஆர் சொன்னது, பிள்ளை?”

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. அலுவலக மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், கடலை அளந்த நீங்கள் எப்படிக் கடவுளை நம்பினீர்கள் என்றே எழுதுங்கள் என்றார். எனக்குப் பிரசங்கம் செய்யத் தெரியும். எங்கள் ஆலயத்தில் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தால் படைப்பின் மகத்துவத்தைப் பற்றி என்னைத்தான் பேசச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பிரசங்கம் போதாது. நடந்ததைச் சொல்வதுதான் சரி.

இருபத்தாறு வயதில் உதவியாளனாகச் சேர்ந்தேன். கோணம் பார்ப்பது, ஈயக்குண்டுக் கயிறு இறக்குவது, கணக்குப் போடுவது எல்லாவற்றையும் இரண்டு வருடத்தில் பழகிவிட்டேன். எனக்கு மேலே இருந்தவர் அளவையாளர் பரராசா ஐயா. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, அதன் பொத்தானில் நூலால் கட்டிய பென்சில். பென்சில் உண்டு, அழிறப்பர் கிடையாது. பிழையாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பிழை என்ன என்று பிறகு வாசிப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருவர் அளவைச் சத்தமாகச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். “நல்லது” என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பிழை இல்லாவிட்டால் “அடுத்தது” என்பார். அவ்வளவுதான் பாராட்டு.

அவர் கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார். ஆனால் வேலையில் கடவுள் பேச்சு எடுத்தால் பிடிக்காது. சேர்ந்த மூன்றாம் வருடம், வெளிக்கடலில் நின்றபோது எங்கள் படகுக்கு ஒரு கயிற்றெறி தூரத்தில் நீலத் திமிங்கிலம் ஒன்று எழும்பியது. முதுகு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நான் அதுவரை அவ்வளவு பெரிய உயிரைக் கண்டதில்லை. அன்றைய குறிப்புக் கொப்பியின் கடைசிக் கட்டத்தில், கர்த்தருடைய கைவேலை எவ்வளவு பெரியது என்று எழுதிவிட்டேன்.

ஐயா அதன் மேல் கோடு கீறினார்.

“நீர் இதை அளந்தனீரோ?”

“இல்லை, ஐயா.”

“அப்ப இதில எழுதாதையும். வீட்டில வேற கொப்பி ஒண்டு வச்சிரும்.”

கோபமாகச் சொல்லவில்லை. நானும் வீட்டில் வேறு கொப்பி வைத்தேன். இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

ஐயாவுக்குச் சொந்த ஆர்வமாக ஒரு வேலை இருந்தது. மாதம் ஒரு தடவை நீரோட்டம் பார்ப்பது. அதற்கு இரண்டு மிதவைகள். ஒன்று, வாய் அடைத்துச் சிவப்புப் பூசிய வெறும் எண்ணெய்த் தகரம். அது தண்ணீரின் மேலே முழுதாக நிற்கும். மற்றது, நாலு பக்கமும் படங்குத் துணி கட்டி, அடியில் இரும்பு தொங்கவிட்ட மூங்கில். அதில் ஒரு சாண் மட்டும்தான் வெளியே தெரியும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடுவோம். பிறகு கால் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் அருகிலும் போய், வெளிச்சவீட்டையும் கோணமலையையும் பார்த்துக் கோணம் எடுத்து இடத்தைக் குறிப்போம்.

ஆடி மாதத்தில் இதைச் செய்தால் புதியவர்கள் திகைத்துப் போவார்கள். அது கச்சான் காற்று வீசும் காலம். தரையில் இருந்து சூடாக வந்து கடலின் மேலே கிழக்கே போகும். தகரம் காற்றோடு கிழக்கே ஓடும். மூங்கிலோ அந்தக் காற்றைக் கவனியாமல் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒன்றில் இருந்து பார்த்தால் மற்றது தெரியாது. மேலே நிற்பதைக் காற்று கொண்டுபோகும், ஆழ நிற்பதை நீரோட்டம் கொண்டுபோகும். போர்க் காலத்தில் வெளிக்கடலுக்கு விடாத வருடங்களைத் தவிர, ஒவ்வொரு ஆடியிலும் இதைப் பார்த்தேன். வருடா வருடம் அதே மாதத்தில் அதே பக்கம்.

என் விசுவாசம் அந்த மூங்கிலின் பின்னால் போய்ப் போய்த்தான் வேரூன்றியது என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். திமிங்கிலத்தைக் கண்டால் யாரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது இந்த ஒழுங்கு. இவ்வளவு பெரிய கடலும், யாரும் பார்க்காத இடத்திலும், சொன்ன வேளைக்குச் சொன்ன பக்கம் திரும்புகிறது. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் மனிதர் போட்ட எந்த ஒழுங்கும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. கடலில் மட்டும் ஒரு வார்த்தை மாறாமல் நின்றது.

நான் சேர்ந்து இருபத்திரண்டு வருடமான ஒரு ஆடி மாதம். போர் முடிந்து கடல் எல்லோருக்கும் திறந்திருந்தது. தெற்கே உள்ள வெருகல் பக்கத்தில் இருந்து யோகராசா என்பவரும் அவருடைய மைத்துனன் சிவபாலனும் கண்ணாடிநார்ப் படகு ஒன்றில் எங்கள் குடா வாயில் வரை மீன்பிடிக்க வந்தார்கள். நண்பகலுக்குக் கிட்ட, குடாவின் தென்முனைக்கு வெளியே அவர்களைக் கண்டதாக மற்றப் படகுக்காரர் சொன்னார்கள். அதன் பிறகு கச்சான் கடுமையாக எழும்பியது. மற்றப் படகுகள் எல்லாம் திரும்பின. அந்தப் படகு திரும்பவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் வேலைக்கு வந்தபோது இறங்குதுறை முழுக்கச் சனம். யோகராசாவின் மனைவி இராசமலர் அயலவர்களோடு வான் வண்டியில் வந்திறங்கி, கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் கை வைத்தபடி நின்றாள். போனவர்களில் ஒருவர் அவளுடைய கணவர், மற்றவன் கூடப் பிறந்த தம்பி.

எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. கிழக்கே பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு, மிதந்து வந்த பாரமற்ற ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றை எடுத்திருக்கிறது. மீன் போடும் அந்த வெள்ளைப் பெட்டியில் யோகராசாவின் படகு இலக்கம் எழுதியிருந்தது. தேடுதலுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி உடனே எல்லாப் படகுகளையும் கிழக்கே போகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். காற்றும் கிழக்கே, பெட்டியும் கிழக்கே.

நான் பரராசா ஐயாவிடம் போனேன். அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது.

“ஐயா, பெட்டி படகுக்குள்ள இருக்க வேண்டிய சாமான். அது வெளியில வந்திருந்தால் படகு கவிழ்ந்திருக்க வேணும். கவிழ்ந்த படகு தண்ணிக்குள்ள ஆழ நிக்கும். காற்றுக்கு அகப்படாது. அது தெற்கே போயிருக்கும்.”

அவர் அலுமாரியைத் திறந்து நீரோட்டக் கொப்பிகளை மேசையில் அடுக்கினார். ஆடி மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். தெற்கு. தெற்கு. தெற்கு.

“ஒரு வருசமும் தப்பேல்லையோ?”

தப்பியிருந்தது. ஒரு வருடம் இரண்டு நாள் நீரோட்டம் தளர்ந்து மூங்கில் ஒரே இடத்தில் சுற்றியதை நானே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை அவருக்கு எடுத்துக் காட்டினேன். அவர் வாசித்தார். என்னைப் பார்த்தார்.

“இப்ப என்ன சொல்லுறீர்?”

“தெற்கே எண்டுதான் சொல்லுறன், ஐயா. மணிக்கு அரை மைலுக்குக் கொஞ்சம் கூட. நேற்று மத்தியானத்தில இருந்து பார்த்தால், இண்டைக்கு மத்தியானம் வெருகல் முகத்துவாரத்துக்கு நேரே, வெளியில நிக்கும்.”

“கிழக்கே போறவையை நான் மறிக்க ஏலாது. அதுவும் பிழையாக இராது. எங்கட படகை நீர் தெற்கே கொண்டு போம்.” பிறகு தானே போய் அதிகாரியிடம் அனுமதி வாங்கிவந்தார். வழமையாக எதற்கும் எழுத்தில் கேட்பவர், அன்றைக்கு எழுத்து ஒன்றும் கேட்கவில்லை.

படகைச் செலுத்த எங்கள் படகோட்டி றஸீக் நானா வந்தார். நான் ஏறப் போகும்போது இராசமலர் முன்னால் வந்தாள்.

“அண்ணை, எல்லாரும் கிழக்கே போகினம். நீங்கள் மட்டும் ஏன் தெற்கே போறியள்?”

சொன்னேன். பெட்டி, காற்று, நீரோட்டம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அது சரியெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கடலுக்குக் கர்த்தர் ஒரு வழி வச்சிருக்கிறார், தங்கச்சி. அது மாறாது.”

அவள் தலையை ஆட்டினாள். என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

குடாவை விட்டு வெளியே வந்த பிறகுதான் நான் சொன்னதன் பாரம் எனக்கு விளங்கியது. மாறாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் மாறியதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஐயாவிடம் காட்டிய பக்கத்தை அந்தப் பெண்ணிடம் மறைத்துவிட்டு, என் கணக்குக்குக் கர்த்தருடைய பெயரைப் பிணை வைத்திருக்கிறேன். தெற்கே ஒன்றும் இல்லாமல் போனால் அவள் என்னை நம்பாமல் விடுவது பெரிதல்ல; கர்த்தருடைய பெயரே அவளுக்குப் பொய்யாகிவிடும். படகின் முன்பக்கத்தில் போய் நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, பிழை வந்தால் அது என்னுடைய கணக்கின் பிழை. உம்முடைய கடல் அல்ல. என்னுடைய பிழைக்காக அந்த மனிதரைக் கைவிடாதேயும். இவ்வளவுதான் சொல்ல வந்தது.

“நானா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

வேலைக்கென்று படகில் எப்போதும் கிடக்கும் மூங்கிலைத் தண்ணீரில் விட்டோம். கால் மணித்தியாலம் காத்திருந்தோம். கோணம் எடுத்துப் பார்த்தேன். மூங்கில் தெற்கே இறங்கியிருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு முழு வேகத்தில் போனோம்.

வெருகலுக்கு நேரே வந்ததும், மேற்கும் கிழக்குமாகத் தையல் போடுவதுபோலப் படகை ஓட்டினோம். ஒரு கோடு முடிந்தால் அரை மைல் தெற்கே இறங்கி அடுத்த கோடு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஏழாவது கோட்டில், ஒன்றரை மணியளவில், றஸீக் நானா விரலை நீட்டினார்.

“அங்க பாருங்க, கறுப்பா.”

கவிழ்ந்த படகின் அடிப்பாகம். அதன் மேல் குப்புறக் கிடந்த ஒரு மனிதர். கிட்டப் போனதும் தலையைத் தூக்கினார். யோகராசா. உதடு வெடித்து, கண் வீங்கி, கையில் கயிற்றைச் சுற்றியபடி. இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே எடுத்தோம். தண்ணீரை வாயில் துளித் துளியாக விட்டேன். அவர் பேசிய முதல் வார்த்தை இது:

“மச்சான் கரைக்கு நீந்திப் போயிட்டான். ஆளைக் கண்டனீங்களோ?”

விடியும்போது தூரத்தில் பனைகளின் கோடு தெரிந்திருக்கிறது. சிவபாலன் நல்ல நீச்சல்காரன். வெறும் எண்ணெய்க் கான் ஒன்றை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, போய் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லி இறங்கியிருக்கிறான். கச்சானுக்கு எதிரே நீந்த வேண்டும். றஸீக் நானா படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

வானொலியில் செய்தி சொன்னதும் மற்றப் படகுகளும் வந்தன. யோகராசாவை ஒரு வேகப் படகில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நீந்துகிற ஒருவனை நீர் எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். பொழுது படும்வரை தேடினோம். அடுத்த இரண்டு நாளும் தேடினோம். நாலாம் நாள், வெருகலுக்கும் தெற்கே ஒரு மணற்கரையில் சிவபாலனின் உடல் ஒதுங்கியிருந்தது. நான் கணக்கில் குறித்த இடத்தில் இருந்து அதிக தூரம் இல்லை.

அன்று ஐயாவிடம் போய், இராசமலரிடம் முழு உண்மையையும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். “அதை அவவிட்டச் சொல்லும். என்னட்டச் சொல்லி என்ன?” என்றார். பிறகு நீரோட்டக் கொப்பிகளைப் பார்த்து, ஒவ்வொரு மாதமும் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எளிய தமிழில் ஒரு தாளில் எழுதச் சொன்னார். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக் கூடாது என்ற வரியை அவரே சேர்த்தார். குச்சவெளியில் இருந்து வெருகல் வரைக்கும் உள்ள மீனவர் சங்கங்களுக்கு அந்தத் தாள் போனது. இன்றைக்கும் போகிறது. துஷாந்திதான் இப்போது அனுப்புகிறார்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். வெருகலுக்குப் போனேன். யோகராசா மெலிந்திருந்தார், ஆனால் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். சிவபாலன் போன பிறகு, காலையில், ஒரு திமிங்கிலம் படகுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டதாம்.

“அது வாலை ஒருக்கா ஆட்டினால் நான் இல்லை. ஆனா என்னைத் தட்டேல்ல, ஐயா. விலகிச் சுத்திப் போச்சு. எனக்குப் பயம் வரேல்ல. இவ்வளவு பெரிசை வச்சுச் சாப்பாடு போடுறவன் இஞ்சதான் எங்கயோ நிக்கிறான் எண்டு நினைச்சனான். முருகா, முருகா எண்டு கிடந்தனான்.”

நான் பிரசங்கங்களில் சொன்ன எல்லாவற்றையும்விட அது நன்றாக இருந்தது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பிறகு இராசமலரிடம் போனேன். மாறாது என்று சொன்னதும், இரண்டு நாள் மாறிய பக்கம் இருந்ததும், எல்லாம் சொன்னேன்.

அவள் யோசித்தாள். “அதைச் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கு நிண்டிருக்கமாட்டன், அண்ணை. விழுந்திருப்பன்.” பிறகு கேட்டாள்: “கடலுக்கு வழி வச்சவர், என்ர தம்பிக்கு ஏன் வழி வைக்கேல்ல?”

“எனக்குத் தெரியாது, தங்கச்சி.”

அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஒரே நீர் ஒருவரைத் தாங்கிக் கொண்டுவந்தது, மற்றவனைத் தாங்கவில்லை. ஆனாலும் துஷாந்திக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தக் காலை நான் மூங்கிலை விட்டபோது, கடல் என்னைக் கேட்டு ஓடவில்லை. எனக்கு முன்னே, எனக்கு மேலே இருக்கிற ஒருவருடைய சொல்லைக் கேட்டுத்தான் ஓடியது. அதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. கருவி எவ்வளவு காட்டினாலும் அந்த நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

சடங்குகள் முடிந்து சாப்பாட்டுக்கு முன், இராசமலர் என்னைத் தம்பியின் படத்துக்கு முன்னால் கூப்பிட்டாள்.

“உங்கட முறையில நீங்களும் ஒரு ஜெபம் பண்ணுங்கோ.”

நான் கண்ணை மூடினேன். ஆறுதல் கேட்பதா, இந்தக் கடல் செய்ததற்குத் துக்கப்படுவதா என்று தடுமாறிக்கொண்டு நின்றேன். அவள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

“கடலைக் குறை சொல்லாமல் ஜெபியுங்கோ, அண்ணை. என்ர மனுசன் நாளைக்கு அதிலதான் இறங்க வேணும்.”

“ஓம், தங்கச்சி,” என்றேன். கடலைத் தந்ததற்கு நன்றி சொல்லித் தொடங்கினேன்.